எக்கோஸ் இரட்டை சிடி: பிங்க் ஃபிளாய்டோட 26 பாட்ட எப்படி கேக்கணும், முழு வழிகாட்டி

இங்கிலாந்து ராக் பேண்ட் பிங்க் ஃபிளாய்ட் கேக்கணும் எங்கேருந்து ஆரம்பிக்கிறதுனு யாராவது கேட்டா நான் கண்ண மூடிட்டு சொல்றது 2001 நவம்பர்ல வந்த எக்கோஸ் இரட்டை சிடியத்தான். 1967ல வந்த மொத சிங்கிள்லேருந்து (சிங்கிள்னா ஆல்பமா இல்லாம தனியா விடற பாட்டு) 1994 ஆல்பம் வரைக்கும், 26 பாட்டு, மொத்தம் 155 நிமிஷம். ஆனா கூடவே ஒண்ணு சொல்லிடுவேன், இத ஹிட்ஸ் கலெக்‌ஷன்னு நெனச்சு கேக்காதீங்க, இது பழைய பாட்டுங்கள வெட்டி ஒட்டி செஞ்ச ஒரு புது ஆல்பம், வரிசைய மாத்தினீங்கனா பாதி விஷயம் போச்சு.

இத நான் பட்டுதான் தெரிஞ்சுகிட்டேன். ஃப்ரெண்ட் ஒருத்தன் சிடியிலேருந்து எம்பி3யா மாத்தி கொடுத்தான், என்கிட்ட இருந்தது ஒரு சல்லிசான ப்ளேயர், அது பாட்டுங்கள ஏபிசிடி வரிசையில அடுக்கிடும். ஸோ மொதல்ல அனதர் ப்ரிக், அப்புறம் ஆர்னால்ட் லேன், அப்புறம் அஸ்ட்ரானமி டோமினே, நாலாவதா பைக். அந்த பைக்தான் மொத்த தொகுப்புக்கும் கடைசி பாட்டுனு எனக்கு எப்படி தெரியும். என்னடா இது ஏதோ பைத்தியக்கார ஆஸ்பத்திரி மாதிரி இருக்குனு ஆஃப் பண்ணி வெச்சவன் ஒரு வருஷம் அந்தப் பக்கமே போகல.

மொதல்ல செட்டிங்ஸ சரி பண்ணுங்க

ஷஃபிள் ஆஃப். ஆப்ல கிராஸ்ஃபேட்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதுவும் ஆஃப், ஏன்னா ஒரு பாட்டோட வால அடுத்த பாட்டோட தலையில ஒட்டுற வேலைய இங்க ஏற்கனவே ஒரு மனுஷன் செஞ்சு வெச்சிருக்காரு, அவரு பேரு ஜேம்ஸ் கத்ரி, தி வால் ஆல்பத்துக்கே சவுண்ட் இன்ஜினியரா இருந்தவர், அவரு செஞ்சத ஃபோன் வந்து மறுபடி செய்ய வேண்டியதில்ல. கேப்லெஸ் ப்ளேபேக்னு இருந்தா அத மட்டும் ஆன் பண்ணி வைங்க, இல்லனா ஒவ்வொரு பாட்டுக்கு நடுவுலயும் அரை செகண்டு ஊமையாகி உயிர எடுக்கும்.

சிடியாவே கெடைச்சா ரொம்ப நல்லது. கெடைக்கலனா 26 பாட்டையும் தேடி நீங்களே ஒரு ப்ளேலிஸ்ட் போடலாம்தான், ஆனா அதுல ரெண்டு சிக்கல். ஒண்ணு, ஒரிஜினல் ஆல்பத்துலேருந்து எடுக்கறதால சில பாட்டு ரொம்ப நீளமா வரும், எது எதுனு கீழ சொல்றேன். ரெண்டாவது, டார்க் சைட் ஆஃப் தி மூன், தி வால் இந்த ரெண்டு ஆல்பத்துலயும் பாட்டுங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஓடுற மாதிரிதான் பண்ணியிருப்பாங்க, அதுலேருந்து ஒண்ண மட்டும் உருவினா பிச்சு எடுத்த மாதிரி தலையும் வாலும் வெட்டுப்பட்டு தொங்கும். பரவால்லனா கேளுங்க.

ஒரே மூச்சுல 155 நிமிஷம் வேண்டாம். ஒரு சிடி கிட்டத்தட்ட 77 நிமிஷம், இன்னொண்ணு 78, ஒரு நாளைக்கு ஒண்ணு போதும். ஹெட்ஃபோன் கட்டாயம், ஏன்னா இவங்க வலது காதுக்கும் இடது காதுக்கும் வேற வேற வேலை கொடுப்பாங்க.

அஞ்சு பேரு, அவ்வளவுதான் மனப்பாடம் பண்ண வேண்டியது

வரிசை காலப்படி இல்லாததால எந்தப் பாட்டு யாரோடதுனு கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கணும், இல்லனா இது ஒரே பேண்டானே சந்தேகம் வந்துடும். சிட் பேரட், ஆரம்பத்துல பாட்டு எழுதி பாடினவரு, மனநிலை பாதிச்சு 1968லயே வெளிய போயிட்டாரு. ரோஜர் வாட்டர்ஸ், பேஸ் கிட்டார், 70கள்ல வரிகள் முழுக்க இவரு கைக்குப் போச்சு, 85ல விலகிட்டாரு. டேவிட் கில்மர், சிட்டுக்கு பதிலா வந்தவரு, அந்த கிட்டார் இவரோடது, 87க்கு அப்புறம் பேண்டையும் இவருதான் நடத்தினாரு. ரிச்சர்ட் ரைட் கீபோர்ட். நிக் மேசன் ட்ரம்ஸ், மொத நாள்லேருந்து கடைசி வரைக்கும் எல்லா ஆல்பத்துலயும் பேரு இருக்கற ஒரே ஆள்.

வாட்டர்ஸும் கில்மரும் கோர்ட்டு வரைக்கும் போன ஆளுங்க, அப்படிப்பட்டவங்க பாட்டுங்கள பக்கத்து பக்கத்துல ஒக்கார வெச்சு, நாலு பேரும் ஒத்துக்கற மாதிரி ஒரு லிஸ்ட் போடணும்னா அது கல்யாண வீட்டுல சண்டை போட்ட பங்காளிங்கள ஒரே பந்தியில உக்கார வைக்கிற வேலை. அதனாலதான் காலவரிசைய தூக்கிட்டாங்கனு எனக்கு தோணும், காலப்படி அடுக்கினா சிட் காலம், வாட்டர்ஸ் காலம், கில்மர் காலம்னு மூணு பங்கா பிரிஞ்சு நின்னுடும், கலைச்சுப் போட்டா யாரு பங்கு எவ்வளவுனு கண்ணுக்குத் தெரியாது. எண்ணிப் பாத்தா தெரியும்: டார்க் சைடுலேருந்து 4, தி வால்லேருந்து 4, 1994ல வந்த டிவிஷன் பெல்லுலேருந்து 3. இந்த மூணாவது எனக்கு கொஞ்சம் ஓவராத்தான் படுது, அனிமல்ஸ்ங்கற பெரிய ஆல்பத்துக்கு ஒண்ணே ஒண்ணுதான் கெடைச்சிருக்கு.

மொத சிடி

அஸ்ட்ரானமி டோமினேல ஆரம்பிக்கும். இது 1967 மொத ஆல்பத்தோட மொத பாட்டு, இத மனசுல வெச்சுக்கங்க, கடைசியில வேணும். அடுத்தது சீ எமிலி ப்ளே, இங்கிலாந்து சார்ட்ல 6ஆவது எடத்துக்குப் போன சிங்கிள். இந்த ரெண்டும் சிட்டோடது. பிடிக்கலனா பயப்பட வேண்டாம், நிறைய பேருக்கு மொத தடவை பிடிக்காது, ஏழு நிமிஷத்துல முடிஞ்சிடும்.

அப்புறம் ஒரே தாவு, 1979, தி வால் ஆல்பம். ஹேப்பியஸ்ட் டேஸ்ங்கற ஒன்றரை நிமிஷப் பாட்டும் அனதர் ப்ரிக் ரெண்டாம் பாகமும் ஒட்டிப்பொறந்தது, அந்த ஒன்றரை நிமிஷத்தோட முடிவுல வர்ற கத்தல்லதான் அடுத்த பாட்டோட பீட் வந்து விழும். லண்டன் இஸ்லிங்டன் கிரீன் ஸ்கூல் பசங்கள பாட வெச்சாங்க, ப்ரொட்யூசர் பாப் எஸ்ரின் டிஸ்கோ பீட்ட உள்ள கொண்டு வந்தாரு, அந்த கிறிஸ்துமஸுக்கு இங்கிலாந்துல நம்பர் ஒன். எல்லாரும் கேட்ட பாட்டு, அதனால நான் இங்க நிக்கல.

அடுத்து எக்கோஸ். தொகுப்புக்கு பேரு கொடுத்த பாட்டு, 1971 மெடில் ஆல்பத்துல 23 நிமிஷம் 31 செகண்டு, இங்க 16:30. மொத சத்தம் ஒரு சொட்டு தண்ணி விழற மாதிரி, டிங்னு. ரைட் வாசிச்ச பியானோவ சுழலற ஸ்பீக்கர் வழியா அனுப்பி எடுத்தது, நீர்மூழ்கிக் கப்பல் சோனார் மாதிரி இருக்கும். நடுவுல ஏதோ கடல்பறவை கத்தற மாதிரி வரும், அது பறவை இல்ல, கில்மரோட கிட்டார்தான், வா வா பெடல்னு சத்தத்த மாத்தற கால் பெடல் ஒண்ணு, அதுல தலைகீழா ஒயர மாட்டி அதுலேருந்து வந்த சத்தம். மொத தடவை கேக்கும்போது எதையும் தேடாதீங்க, படுத்துகிட்டு கேளுங்க.

ஹே யூ, மரூண்ட், தி கிரேட் கிக் இன் தி ஸ்கை, இந்த மூணயும் ஒரே பாட்டா கேட்டுப் பாருங்க. ஹே யூல யாரோ சுவத்துக்கு அந்தப்பக்கம் நின்னு கூப்பிடறாங்க, மரூண்ட்ல வார்த்தையே இல்ல கிட்டார் மட்டும், கிரேட் கிக்ல ஒரு பொண்ணு குரல் வருது ஆனா அதுலயும் வார்த்தை இல்ல. 1979, 1994, 1973னு மூணு வேற வேற காலம். இந்த மாதிரி எடத்துலதான் கத்ரி என்ன பண்ணியிருக்காருனு புரியும்.

அந்தக் குரல் க்ளேர் டோரியோடது. 1973 ஜனவரியில ஒரு ஞாயித்துக்கிழமை ஆபி ரோட் ஸ்டூடியோவுக்கு வரச்சொல்லி, சாவு பத்தின பாட்டு, வார்த்தை கெடையாது, ஏதாவது பண்ணுனு விட்டிருக்காங்க. அவங்க தன்னோட தொண்டைய ஒரு வாத்தியமா நெனச்சுகிட்டு பாடிட்டு ஞாயித்துக்கிழமை ரேட்டு 30 பவுண்டு வாங்கிட்டு போயிட்டாங்க. அந்தப் பாட்டு இருக்கற டார்க் சைட் ஆல்பம் அமெரிக்க சார்ட்ல 1988 வரைக்குமே மொத்தம் 741 வாரம் இருந்துச்சு. 2004ல அவங்க கேஸ் போட்டாங்க, அடுத்த வருஷம் வெளியிலேயே பேசி முடிச்சாங்க, இப்ப அந்தப் பாட்ட இயற்றினவங்க பேருல ரைட் பக்கத்துல டோரியும் இருக்கு. எக்கோஸ் வந்தது 2001ல, ஸோ பழைய சிடி உங்க கையில கெடைச்சா இயற்றினவங்க இடத்துல அவங்க பேரு இருக்காது, பாத்துக்கங்க.

மணி (Money)ங்கற பாட்டு வரும்போது ஒரு வேலை பண்ணுங்க, தொடையில தட்டுங்க. சில்லறை கொட்டறது, கல்லாப்பெட்டி திறக்கறது, காகிதம் கிழியறது எல்லாம் டேப்ல வெட்டி ஒரு வளையமா சுத்த விட்டிருக்காங்க, அதோட கணக்கு ஏழு. நமக்கு மிஸ்ர சாபு தாளம் பழக்கம் இருக்கறதால இது சுலபம், தகிட தகதிமினு ஓட விட்டா உள்பிரிப்பு அப்படியே பொருந்தாது ஆனா சுத்து சரியா வந்து விழும். சாக்ஸஃபோன் முடியற வரைக்கும் ஏழு. கில்மர் சோலோ ஆரம்பிச்ச ஒடனே உங்க கை தப்பும், நீங்க தப்பா தட்டல, அங்க பாட்டு நாலு கணக்குக்கு மாறிடுச்சு. சோலோ முடிஞ்சதும் திரும்ப ஏழு. எனக்கு மூணு தடவை ஆச்சு அந்த எடத்த பிடிக்க.

கீப் டாக்கிங்ல வர்ற மெஷின் குரல் ஸ்டீஃபன் ஹாக்கிங்கோடது, ஒரு டெலிஃபோன் கம்பெனி விளம்பரத்துலேருந்து எடுத்தது. ஷீப் அனிமல்ஸ்லேருந்து, நடுவுல பைபிள் சங்கீதம் ஒண்ண கிண்டலா மாத்தி மெஷின் குரல்ல சொல்லுவாங்க, நல்லா காதக் கொடுத்தா கேக்கும். சாரோ (Sorrow) பாட்டோட ஆரம்பத்துல அந்த கிட்டார் ஏன் மலையே உறுமற மாதிரி இருக்குனா, லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஒரு பெரிய ஸ்போர்ட்ஸ் அரங்கத்துல ஸ்பீக்கர்ல போட்டு அந்த ஹாலோட எதிரொலியோட திருப்பி ரெக்கார்ட் பண்ணது.

ரெண்டாவது சிடி

இதத்தான் நான் நல்ல சிடினு சொல்லுவேன். ஷைன் ஆன் யூ கிரேசி டைமண்ட்ல ஆரம்பம், சிட்ட நெனச்சு எழுதினது. 1975 ஜூன் 5, ஆபி ரோட்ல இந்தப் பாட்டு வர்ற விஷ் யூ வேர் ஹியர் ஆல்பத்தோட வேலை நடந்துகிட்டு இருக்கும்போது குண்டா, தலையையும் புருவத்தையும் மழிச்சுகிட்டு ஒருத்தர் வந்து நிக்கிறாரு, கொஞ்ச நேரம் யாருனே யாருக்கும் தெரியல. சிட்தான். இத தெரிஞ்சுகிட்டு அந்த நாலு கிட்டார் நோட்ட கேளுங்க, நாலே நாலு, திரும்பத் திரும்ப.

டைம் ஆரம்பத்துல கடிகாரம் எல்லாம் ஒண்ணா அடிக்கும், வால்யூம குறைச்சு வைங்க, ராத்திரி கேக்கறவங்களுக்கு ஹார்ட் அட்டாக் வந்துடும். அதெல்லாம் இன்ஜினியர் ஆலன் பார்சன்ஸ் வேற ஒரு டெஸ்ட்டுக்காக பழைய சாமான் கடையில ஒவ்வொரு கடிகாரமா ரெக்கார்ட் பண்ணி வெச்சிருந்தது.

அதுக்கப்புறம் வர்ற மூணு பாட்டு, ஃப்ளெட்சர் மெமோரியல் ஹோம், கம்ஃபர்டப்ளி நம்ப், வென் தி டைகர்ஸ் ப்ரோக் ஃப்ரீ. வாட்டர்ஸோட அப்பா பேரு எரிக் ஃப்ளெட்சர் வாட்டர்ஸ், 1944 பிப்ரவரியில இத்தாலி ஆன்சியோ சண்டையில செத்துப்போனாரு, அப்ப ரோஜருக்கு அஞ்சு மாசம். மொத பாட்டோட பேருல இருக்கறது அவரு பேரு, மூணாவது பாட்டு அவரு செத்த கதை. அந்த மூணாவது 1982ல வெறும் சிங்கிளா வந்து அப்புறம் கெடைக்காம போனது, பேண்டோட ஆல்பம்னு ஒண்ணுல அது மொத மொதல்ல வந்தது இங்கதான், பழைய ரசிகருங்க பல பேரு இந்த ஒரு பாட்டுக்காகவே இத வாங்கினாங்க. நடுவுல இருக்கற கம்ஃபர்டப்ளி நம்ப், 1977ல ஃபிலடெல்ஃபியா ஷோவுக்கு முன்னாடி வயித்துவலிக்கு போட்ட ஊசியில மரத்துப்போன கையோட மேடை ஏறினத வெச்சு வாட்டர்ஸ் எழுதினது. அதுல ரெண்டு கிட்டார் சோலோ இருக்கு, மொதலாவது சின்னது, எல்லாரும் ரெண்டாவதத்தான் தூக்கி வெச்சுப்பாங்க, என் ஓட்டு மொதலாவதுக்கு.

ஒன் ஆஃப் தீஸ் டேஸ்ல ரெண்டு பேஸ் கிட்டார், வாட்டர்ஸ் ஒரு காதுல கில்மர் இன்னொரு காதுல, ஹெட்ஃபோன ஒரு பக்கம் கழட்டிப் பாருங்க. அஸ் அண்ட் தெம் ரைட் ஒரு சினிமாவுக்கு போட்டு டைரக்டர் வேண்டாம்னு சொன்ன ட்யூன். லேர்னிங் டு ஃப்ளை ஓகே ரகம்.

இப்பதான் முக்கியமான எடம். 9ஆவது பாட்டு ஆர்னால்ட் லேன், 1967ல வந்த அவங்களோட மொத சிங்கிள், கொடியில காயற பொம்பளைங்க துணிய திருடறவன பத்தினது. 10ஆவது விஷ் யூ வேர் ஹியர். 11ஆவது ஜக்பேண்ட் ப்ளூஸ், பேண்ட விட்டு போறதுக்கு முன்னாடி சிட் ரெண்டாவது ஆல்பத்துக்குக் கொடுத்த ஒரே பாட்டு, நான் இங்க இருக்கேனா இல்லையாங்கற மாதிரி பாடுவாரு, நடுவுல சால்வேஷன் ஆர்மி பேண்ட் வாத்தியம் தாறுமாறா புகுந்து வெளிய போகும். இல்லாமப் போன ஒருத்தர ஏங்கற பாட்டு நடுவுல நிக்குது, அதுக்கு ஒருபக்கம் அவரோட மொத சிங்கிள், இன்னொரு பக்கம் அவரோட கடைசிப் பாட்டு. ஏபிசிடி ப்ளேயர்ல கேட்டவனுக்கு இது எங்கேருந்து தெரியும் சொல்லுங்க. சரியான வரிசையில மொத தடவை கேட்டப்ப பஸ்ல இருந்தேன், ஆர்னால்ட் லேன் முடிஞ்சு அந்த கார் ரேடியோ ஸ்டேஷன் மாத்தற கரகரப்பு வந்தது, அதுக்குள்ளேருந்து கிட்டார், அப்பதான் பொட்டுனு விளங்குச்சு. எறங்க வேண்டிய ஸ்டாப் போயிடுச்சு.

அதுக்கப்புறம் ஹை ஹோப்ஸ், மணிச்சத்தத்தோட, கேம்பிரிட்ஜ்ல சின்ன வயசுல இருந்தத திரும்பிப் பாக்கற பாட்டு, 1994 ஆல்பத்தோட கடைசிப் பாட்டு. வேற யாரா இருந்தாலும் தொகுப்ப இங்கதான் முடிப்பாங்க. இவங்க முடிக்கல, பின்னாடி பைக்க வெச்சாங்க, அது 1967 மொத ஆல்பத்தோட கடைசிப் பாட்டு. ஸோ மொத ஆல்பத்தோட மொத பாட்டுல ஆரம்பிச்ச சிடி அதே ஆல்பத்தோட கடைசிப் பாட்டுல முடியுது, நடுவுல இருக்கற 27 வருஷமும் அந்த ஒரு ஆல்பத்துக்குள்ள மாட்டிகிச்சு.

ரெண்டாவது சுத்து: கத்திரிக்கோல் எங்க பட்டிருக்கு

ஒரு வாரம் விட்டு இத பண்ணுங்க. முன்னாடியெல்லாம் கேசட் ரெக்கார்டிங் கடையில லிஸ்ட் எழுதி கொடுப்போம், 60 நிமிஷ கேசட்னா ஒரு பக்கத்துக்கு 30, கடைசி பாட்டு பல்லவி பாதியில டக்குனு நின்னுடும், கடைக்கார அண்ணன கேட்டா டேப் அவ்வளவுதான் தம்பின்னுவாரு. கத்ரிக்கும் அதே பிரச்சனைதான், சிடிக்கு 80 நிமிஷம்தான். ஆனா அவரு வெட்டின எடம் தெரியாது.

ஒரிஜினல பக்கத்துல வெச்சு ஒப்பிட வேண்டியது நாலு. எக்கோஸ்ல ஏழு நிமிஷம் போயிருக்கு. ஷைன் ஆன் ஒரிஜினல்ல ஒம்பது பாகம், ரெண்டு துண்டா ஆல்பத்தோட ஆரம்பத்துலயும் முடிவுலயும் சேத்து 26 நிமிஷம், இங்க ஏழு பாகத்த ஒரே துண்டா ஒட்டி பதினேழரை நிமிஷம். மரூண்ட் அஞ்சரையிலேருந்து ரெண்டு நிமிஷம், இதுக்கு கிராமி வாங்கினாங்க, பாவம். ஹை ஹோப்ஸ் ஒன்றரை நிமிஷம் கம்மி. ஷைன் ஆன் வெட்டு எனக்கு சம்மதம், எக்கோஸ் வெட்டு சம்மதம் இல்ல, தலைப்புப் பாட்டயே சுருக்குனா எப்படி.

இங்கேருந்து எந்த ஆல்பம்

மொத சிடியில எக்கோஸ்தான் பிடிச்சதுனா மெடில். மணி, டைம், கிரேட் கிக்னா டார்க் சைட், அத முழுசா 43 நிமிஷம், நடுவுல எழுந்திரிக்காம. ஷைன் ஆன்ல கண்ணு கலங்கினவங்க விஷ் யூ வேர் ஹியர் ஆல்பம் எடுங்க, மொத்தமே அஞ்சு டிராக்தான். ஷீப் பிடிச்சா அனிமல்ஸ், அட்டையில லண்டன் பாட்டர்ஸீ பவர் ஸ்டேஷனுக்கு மேல பன்னி பறக்கும், ஃபோட்டோ எடுக்கும்போது அது நெஜமாவே கயித்த அறுத்துகிட்டு பறந்து போச்சு. டைகர்ஸ் மனச ஏதோ பண்ணுச்சுனா தி வால் மொதல்ல, ஃப்ளெட்சர் மெமோரியல் ஹோம் வர்ற ஃபைனல் கட் ஆல்பம் அப்புறம், மாத்தி போகாதீங்க. சிட் பாட்டு அஞ்சும் பிடிச்சுதுனா நீங்க கொஞ்சம் அபூர்வமான ஆளு, மொத ஆல்பத்துக்கு நேரா போங்க.

வேற தொகுப்பு வாங்கலாமானு கேட்டா, 1981ல ஒண்ணு வந்துச்சு, சிறந்த டான்ஸ் பாட்டுங்களோட தொகுப்புனு நக்கலா பேரு, ஒரு பாட்டுக்கும் ஆட முடியாது. அதுல மணி பாட்டுக்கு பழைய கம்பெனி அனுமதி கொடுக்கல, கில்மரே கிட்டத்தட்ட எல்லா வாத்தியத்தையும் தனியா வாசிச்சு புதுசா எடுத்தாரு. அந்த ஒரு வேடிக்கைக்காக கேக்கலாம்.

மூணாவது சிடிய நீங்களே போடுங்க

மோர், உம்மகம்மா, ஆட்டம் ஹார்ட் மதர், அப்ஸ்க்யூர்ட் பை க்ளவுட்ஸ், இந்த நாலு ஆல்பத்துலேருந்து எக்கோஸ்ல ஒரு பாட்டு கூட இல்ல. டார்க் சைடோட கடைசி ரெண்டு பாட்டு, ப்ரெயின் டேமேஜும் எக்லிப்ஸும் இல்ல, அது எனக்கு இன்னும் ஆறல. டாக்ஸ் இல்ல, ஹேவ் எ சிகார் இல்ல, ஃபியர்லெஸ் இல்ல. ஸோ 80 நிமிஷம்னு கோடு போட்டு நீங்களே ஒண்ணு அடுக்குங்க. டாக்ஸ் மட்டும் 17 நிமிஷம் முழுங்கிடும், ஆட்டம் ஹார்ட் மதர் முழுசா போட்டா இன்னொரு 23 நிமிஷத்துக்கு மேல, அப்பவே பாதி டேப் காலி, கடைக்கார அண்ணன் கஷ்டம் புரியும். நான் ஃபியர்லெஸ்ல ஆரம்பிச்சு டாக்ஸ நடுவுல வெச்சு ப்ரெயின் டேமேஜ், எக்லிப்ஸ்னு முடிச்சேன். ரெண்டு நாள் கேட்டுட்டு எக்லிப்ஸுக்கு பின்னாடி மறுபடியும் பைக்க சேத்துட்டேன்.